துடைத்துக் காட்டிவிட்டுச் சாவி கொடு

தலைமை நாற்காலியில் தண்ணீர்ப் பாட்டிலும் தாராள மனமுமாக வீற்றிருக்கும் ஓசூர் வட்டார வாகன மெருகூட்டுவோர் சங்கத்தின் தலைவர் அண்ணன் கோவிந்தப்பன் அவர்களே, எனக்கு முன்னால் பேச வந்து என் பேச்சுக்கான பதிலையும் சேர்த்தே பேசிவிட்டு இப்போது நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும் சங்கச் செயலாளர் அண்ணன் கங்கப்பன் அவர்களே, சிப்காட் தொழிற்சாலை ஒன்றின் போக்குவரத்துப் பொறுப்பைத் தோளில் சுமந்தபடி, எங்கள் அழைப்பை மதித்து ஞாயிற்றுக்கிழமையையும் எங்களுக்கே கொடுத்து, வந்த நேரத்திலிருந்து ஒரு முறைகூடச் சிரிக்காமல் அமர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் எல்லப்பன் அவர்களே,

பிரஷர் பம்பின் இரைச்சலில் பாதிக் காது போனாலும் பாசத்தில் துளிகூடக் குறையாத பெரியோர்களே, பகலெல்லாம் சோப்பு நுரையில் விரல் ஊறி, மாலையில் அதே விரலால் பிள்ளைக்குச் சோறு பிசையும் தாய்மார்களே, போச்சம்பள்ளியிலிருந்தும் பர்கூரிலிருந்தும் பைக்கில் பறந்து வந்து, ஊரார் வண்டியையெல்லாம் கழுவிவிட்டுத் தம் பைக்கை மட்டும் கழுவாமல் நிறுத்தியிருக்கும் தோழர்களே, தமிழில் திட்டி, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் காபி சொல்லும் என் ஓசூர் உறவுகளே, உங்கள் அத்தனை பேருக்கும் அனுப்ரியாவின் அன்பு வணக்கம்.

கைதட்டலுக்கு நன்றி. கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

பின்வரிசையில் யாரோ 'பொண்ணு பேசுதுடா' என்கிறார். ஆமாம் அண்ணா, பொண்ணுதான் பேசுகிறேன். கல்லாவியில் பிறந்தவள். போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையில், பெயின்ட் பூசும் பிரிவில், டியூப் லைட் வரிசைக்குக் கீழே நின்று, பூசிய பாகத்தில் புள்ளி இருக்கிறதா, புழுதி இருக்கிறதா, புடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவள். பார்த்துப் பார்த்து, பழுதைக் கண்டால் பாய்ந்து பிடிக்கும் கண் ஒன்று எனக்கு வாய்த்துவிட்டது. அந்தக் கண்ணை மாமியார் வீட்டில் காட்டினால் குடும்பம் நடக்காது என்பதால் கார்களிடம் காட்ட வந்தேன். பாகலூர் சாலையில் கடை. கடையில் பாதி என்னுடையது; மீதிப் பாதி, முன்வரிசையில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கும் தஸ்லிமுடையது. அதே தொழிற்சாலையில் எனக்கு எதிரே நின்று, நான் தவறவிட்ட புள்ளியைப் பிடித்து என்னைச் சூப்பர்வைசரிடம் மாட்டிவிட்டவள் அவள்.

நண்பர்களே, இன்று நம் முன் நிற்கும் தீர்மானம் நீண்டதல்ல, நெளிவு சுளிவானதல்ல. பாலிஷ் போட்ட வண்டியை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, வெயிலில் நிறுத்தி, வண்டிக்காரர் தம் கண்ணால் பார்த்த பிறகே அவர் கையில் சாவியைக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான். இதைத்தான் செயலாளர் எதிர்த்தார். அவர் சொன்னதை அவர் வாய்மொழியிலேயே சொல்கிறேன். "தொடைச்சுக் காட்டினா கஸ்டமர் ஓடிப்போவாம்மா. அப்புறம் நாமெல்லாம் கடைய மூடிக்கினு கீர விக்கத்தான் போவணும்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன், ஏனென்றால் நன்றாகத்தான் பேசினார். ஆனால் அண்ணா, ஓடுகிறவர் எதைக் கண்டு ஓடுகிறார்? துணியைக் கண்டா ஓடுகிறார்? துடைத்த பிறகு துணிக்குக் கீழே தெரிந்ததைக் கண்டல்லவா ஓடுகிறார்?

தொழிலுக்குப் புதியவர்களும் அவையில் இருப்பதால் ஒரு வார்த்தை. கறுப்புக் கார் ஒன்றை நிழலில் பாருங்கள், மாப்பிள்ளை மாதிரி நிற்கும். அதே காரை வெயிலில் பாருங்கள். சூரியன் விழும் இடத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக, சிலந்தி வலை பின்னியது போல, எண்ண முடியாத கோடுகள். நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று ஒரு தெளிந்த படலம் இருக்கிறது. காகிதத்தைவிட மெல்லியது அது. அதன்மேல் விழுந்த நுண்ணிய கீறல்களே அந்தக் கோடுகள். அவற்றைப் போக்க ஒரே வழி, கீறலின் அடிவரை அந்தப் படலத்தை மெல்ல மெல்லத் தேய்த்துச் சமன் செய்வது. மறைக்கவும் ஒரு வழி இருக்கிறது. எண்ணெய்ப் பசையுள்ள ஃபில்லரைக் கீறலுக்குள் அப்பிவிட்டால் போதும், பத்துப் பைசா உழைப்பில்லாமல் பளபளக்கும். போக்குவது வேலை, மறைப்பது வேஷம். இரண்டுக்கும் வாடிக்கையாளர் கண்ணில் வேறுபாடு தெரியாது, முதல் முறை கழுவும் வரைக்கும், அல்லது அந்தப் பசையைக் கரைக்கும் ஸ்பிரிட் படும் வரைக்கும்.

நம் ஊரில் வண்டியைக் கொண்டு வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள்? ஆனேக்கல்லிலிருந்து வருகிறவர் "கன்னடி தர ஆகத்தா?" என்கிறார். ஆந்திரத்துக் குப்பத்திலிருந்து வருகிறவர் "அத்தம்லா மெரவாலி" என்கிறார். நம்மவர் "கண்ணாடி மாதிரி ஆவுமாங்க?" என்கிறார். மூன்று மொழியிலும் கண்ணாடிதான். நாமும் மூன்று மொழியிலும் ஆகும் என்று தலையாட்டுகிறோம். அந்தத் தலையாட்டலில் ஒரு மனிதர் எப்படி மாட்டினார் என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

ஷௌகத் அலி பாய், கொஞ்சம் எழுந்து நில்லுங்கள். கூச்சப்படாதீர்கள். பக்கத்தில் அவர் மனைவி தாஹிரா அக்கா. பாய்க்குச் சொந்தமாக ஒரே ஒரு கார், கறுப்பு நிறம். அதை ஒரு தொழிற்சாலைக்கு ஓட்டுகிறார். வெளிநாட்டிலிருந்து வரும் விருந்தினரை பெங்களூரு ஏர்போர்ட்டிலிருந்து அழைத்துவந்து, திரும்பக் கொண்டுபோய் விடும் வேலை. அவர் வீட்டு அடுப்பு அந்த ஓட்டத்தில்தான் எரிகிறது. உட்காருங்கள் பாய், உங்களை இன்னும் நிறையப் பேசப்போகிறேன்.

அந்தக் காரைப் பாய் எப்படிப் பார்த்துக்கொண்டார் தெரியுமா? பெற்ற பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார் என்று அக்காவே சொல்கிறார். விடிந்ததும் துணியோடு வாசலுக்கு வருவார். பானட்டைத் துடைப்பார், கதவைத் துடைப்பார், கூரையைத் துடைப்பார், பின்பக்கம் போய்த் துடைப்பார், சுற்றி வந்து மறுபடி பானட்டைத் துடைப்பார். என்ன துணி? தம்பி காலித் வேலை செய்யும் லேத் பட்டறையிலிருந்து வந்த பனியன் வேஸ்ட்.

ஏன் சிரிக்கிறீர்கள்? கையை நெஞ்சில் வைத்துச் சொல்லுங்கள், ஓசூரில் பனியன் வேஸ்ட் இல்லாத வீடு உண்டா? கம்பெனிக்குப் போகிற ஆள் ஒருவர் இருந்தால் அந்த வீட்டில் பனியன் வேஸ்ட் இருக்கும். ஸ்கூட்டர் துடைக்க, ஜன்னல் துடைக்க, கேஸ் அடுப்பு துடைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். பனியன் தைத்து மிஞ்சிய துண்டுத்துணி, மெத்தென்று இருக்கும், சும்மா கிடைக்கும். ஆனால் அந்தத் துணி அதற்கு முன்னால் எதைத் துடைத்தது? லேத்தைத் துடைத்தது, கிரைண்டரைத் துடைத்தது. கெரசினில் அலசினாலும் போகாத இரும்புத் தூள் அதன் நூலுக்குள் ஒளிந்திருக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் போய் வந்தால் காரின் மேல் கிரானைட் தூசி வேறு படிந்திருக்கும். தண்ணீர் ஊற்றாமல், காய்ந்த காரில், தூசியின் மேல் அந்தத் துணியை வைத்து ஒருவர் பாசத்தோடு அழுத்தித் துடைத்தால் என்ன ஆகும்? பாய் ஒவ்வொரு காலையும் அந்தக் காரைக் கீறிக்கொண்டிருந்தார், கீறுகிறோம் என்றே தெரியாமல். அக்கறை இல்லாதவர் கார்கூட அவ்வளவு கெட்டிருக்காது.

ஒருநாள் தொழிற்சாலை வாசலில் அதிகாரி ஒருவர் அந்தக் காரைச் சுற்றி வந்தார். அதிகாரி யார் என்று கேட்காதீர்கள். மேடையில் சிரிக்காமல் இருப்பவர் ஒருவர்தானே.

"என்ன பாய், வண்டி மங்கிப்போய்க் கெடக்குது? ஃபாரின் ஆளுங்க ஏறுற வண்டி. பெயின்ட சரி பண்ணுங்க, இல்லாட்டி நான் வேற வண்டி போட்டுக்கறேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரைக் கேட்பார்கள்.

பாய் பதறிப்போய் நம் தொழில் செய்யும் ஒரு கடைக்கு ஓடினார். எந்தக் கடை என்று நான் சொல்லமாட்டேன், சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள். அங்கே "எல்லாம் ஆவும், உட்காருங்க" என்றார்கள். டீ குடித்து முடிப்பதற்குள் கார் கண்ணாடி போல நின்றது. பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. நேரே கொண்டுபோய் அதிகாரியிடம் காட்டினார். "இப்பதான் வண்டி மாதிரி இருக்குது" என்று அவரும் சொன்னார். அந்த வாரமே விருந்தினரோடு ஏர்போர்ட் போகிற வழியில் அத்திப்பள்ளியில் மழை பிடித்துக்கொண்டது. லாரிச் சக்கரம் அடித்த சேறு முழுக்கக் காரின் மேல். விருந்தினரை இறக்கிவிட்டுத் திரும்பிய பாய், ஷாம்பு போட்டு நுரைக்க நுரைக்கக் கழுவினார். நுரையோடு சேர்ந்து பளபளப்பும் சாக்கடைக்குப் போயிற்று. காய்ந்ததும் பழைய சிலந்தி வலை அப்படியே வெளியே வந்தது.

மறுநாள் அதிகாரி பார்த்தார். "ஒரு பக்கெட் தண்ணிக்கு மேக்கப் கலஞ்சிருச்சா பாய்? என்னயவே ஏமாத்தப் பாக்கறீங்களா?" என்று கேட்டார்.

ஏமாற்றியது யார்? பாயா? அவரே ஏமாந்தவர் அல்லவா? ஆனால் பழி யார் தலையில் விழுந்தது? நண்பர்களே, நாம் அப்பிய ஃபில்லர் கரையும்போது நம் பெயர் கரைவதில்லை. வண்டி ஓட்டுகிறவரின் பெயர் கரைகிறது. மங்கல் காராக இருந்தபோது அவர் ஏழை, அவ்வளவுதான். நாம் பளபளப்பாக்கிக் கொடுத்த பிறகு அவர் பொய்யர் ஆனார். திங்கட்கிழமை காலை வண்டியைக் கொண்டு வாருங்கள், அதுதான் கடைசி என்று அதிகாரி சொல்லிவிட்டார். அந்தத் திங்கட்கிழமை நாளைக்கு.

பாய் என் கடைக்கு வந்தார். அக்காவும் கூட வந்தார். வந்தவர் சாவியைக் கொடுக்கவில்லை, கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்களும் பளபளன்னு பண்ணிக் கொடுப்பீங்க. அப்புறம் தண்ணி பட்டா போயிரும். அதானே?"

"பாய், மொதல்ல வண்டியக் கழுவிடறேன். அப்புறம் சண்ட போட்டுக்கலாம்" என்றேன்.

கழுவினோம். காய்ந்ததும் அவர் கையில் ஒரு பாலித்தீன் பையை மாட்டிவிட்டுப் பானட்டைத் தடவச் சொன்னேன். வெறுங்கையில் வழவழப்பாக இருந்தது, பைக்குள்ளிருந்து தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. அது ஒட்டிக்கிடந்த தொழிற்சாலைத் தூசி. களிமண் போல மெத்தென்ற கட்டி ஒன்றை ஈரத்தோடு ஓட்டி அதை எடுத்தோம். அடுத்து தஸ்லிம், பெயின்ட்டின் கனம் காட்டும் மீட்டரை ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவள், பானட்டின் முன் ஓரத்தில் நின்றுவிட்டாள்.

"அனு, இங்க ரொம்பக் கொறச்சலா இருக்குது. யாரோ ஏற்கெனவே மெஷின வெச்சு நல்லாத் தேச்சிருக்காங்க."

அதே இடத்தில்தான் ஒரு நீளக் கீறல். ஏர்போர்ட்டில் யாரோ இடித்த ட்ராலி செய்த வேலை. நகத்தை அதன் குறுக்கே ஓட்டினேன், மாட்டியது. நகம் மாட்டினால் கீறல் ஆழம் என்று பொருள்.

"பாய், இந்த வட்டக் கோடெல்லாம் போயிரும். இந்த ஒண்ணு போவாது" என்றேன்.

"அத்தன கோடு போவும், இது ஒண்ணு எப்படிப் போவாம இருக்கும்?"

"இது ஆழம். அத எடுக்கணும்னா மேல இருக்கற படலமே போயிரும். நாலு வெயிலு அடிச்சா அந்த எடம் தோல் உரிஞ்ச மாதிரி வெளுத்துக்கினு நிக்கும்."

"நிக்கட்டுமே. திங்கக்கெழம தாண்டட்டும்மா. அந்த ஆபீசர் மொதல்ல பாக்கறதே பானட்டத்தான். அந்தக் கோட்டப் பாத்துட்டு வேற வண்டி போட்டுக்கறேன்னு சொல்லிட்டா நான் எங்க போய் நிக்கறது? நீ வந்து எங்க வீட்ல சோறு வடிப்பியா?"

அவையோரே, நான் பொறுமைசாலி அல்ல. என்னை அறிந்தவர்கள் அறிவார்கள், அறியாதவர்கள் தஸ்லிமைக் கேளுங்கள். "அப்ப வண்டிய எடுத்துக்கினு போங்க பாய். அப்பி மறைக்கறதுக்கு ஊர்ல ஆள் இருக்காங்க, எங்க கடையில இல்ல" என்று சொல்லிவிட்டேன். பாய் விறுவிறுவென்று போய் இஞ்சினைக் கிளப்பிவிட்டார். அதுவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தாஹிரா அக்கா எழுந்து வந்து கார் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க. போன கடையில எதயாச்சும் முடியாதுன்னு சொன்னாங்களா?"

"இல்ல. எல்லாம் ஆவும்னுதான் சொன்னாங்க."

"இந்தப் பொண்ணு ஒண்ணு முடியாதுங்குது. அப்ப முடியும்ங்கறத நம்பலாம். எறங்குங்க."

அக்கா, எழுந்து நின்று அந்தக் கைதட்டலை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மேடையில் இன்று பேசிய எங்கள் அத்தனை பேர் பேச்சையும் நீங்கள் அந்த ஒரு வரியில் பேசி முடித்துவிட்டீர்கள். அண்ணன் கங்கப்பனுக்கு நான் சொல்ல வேண்டிய பதிலும் அதுதான். முடியாததை முடியாது என்று சொன்னால் சிலர் போய்விடுவார்கள் அண்ணா, இல்லையென்று நான் சொல்லவில்லை. போன மாதம்கூட ஒருவர் என்னைத் திட்டிவிட்டுப் போனார். ஆனால் தங்குகிறவர் ஒருவர் தங்கினால், அவர் நம் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தங்குகிறார்.

பாய் இறங்கி வந்து சாவியைக் கொடுத்தார். வேலையைத் தொடங்கினோம். ஓரங்களுக்கும் ரப்பருக்கும் டேப் ஒட்டினோம். பானட்டின் நடுவிலும் ஒரு டேப் ஒட்டி, ஒரு பாதியை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டோம். மெத்தென்ற பேட், மிதமான வேகம், மேலும் கீழும், குறுக்கும் நெடுக்கும். அழுத்தினால் சூடாகும், சூடானால் படலம் தீயும், தீய்ந்தால் திரும்ப வராது. ஆகவே மெஷினின் கனமே போதும், கையின் கோபம் கூடாது. என் கோபம் வடிந்ததே அந்த மெஷினில்தான். மெல்லிய ஓரத்துக்கு வந்ததும் மெஷினை நிறுத்திவிட்டுத் தஸ்லிம் கையாலேயே தேய்த்தாள், லேசாக, போதும் என்று மீட்டர் சொன்ன இடத்தில் விட்டுவிட்டாள். பிறகு நடு டேப்பை உரித்தோம். ஒரு பாதியில் பழைய சாம்பல் மங்கல். மறுபாதியில் எங்கள் கடைக் கூரையின் ஓட்டை தெரிந்தது, ஓட்டைக்கு மேலே ஒரு காக்கை பறந்ததும் தெரிந்தது. பாய் குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை. அந்தக் கூரை ஓட்டையை இன்னும் அடைக்கவில்லை, அது வேறு கதை.

முழுக் காரும் முடிந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் பார்த்தோம். ஆனால் நாங்கள் எங்கள் கொட்டகைக்குள், எங்கள் விளக்கில், எங்கள் வேலையைப் பார்த்தது எதற்குச் சாட்சியாகும்? தன் சமையலைத் தானே ருசி பார்ப்பது போலத்தான். ஆகவே பாயிடம் சொன்னேன், "சாவி இப்ப தரமாட்டேன். ஞாயித்துக்கெழம சங்கத்துக் கூட்டத்துக்கு நானே வண்டிய எடுத்துக்கினு வரேன். எல்லாரும் பாக்கத் தொடச்சுட்டு, வெயில்ல நிறுத்திட்டு, அப்புறம் தரேன்." பாய் என்னைப் பைத்தியம் பார்ப்பது போலப் பார்த்தார். இதோ, அந்தச் சாவி. இதுவரை என் கையில்தான் இருக்கிறது.

பந்தலுக்கு வலப்பக்கம் புளியமரத்து நிழலில் துணி போர்த்தி நிற்கிறதே, அது யார் கார் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள் அல்லவா? அதுதான். ஷௌகத் அலி பாய் முகத்தைப் பாருங்கள், வெளுத்துவிட்டது. வெளுக்கட்டும். இது தோற்றால் நாளைக்கு அவர் ஓட்டம் போகும், என் கடைப் பெயரும் கூடவே போகும். தெரிந்துதான் நிறுத்தியிருக்கிறேன்.

தோழர்களே, நம் தொழிலுக்கு நீதி சொல்வது யார்? கடை வாசலில் எழுதி வைத்த பெயர்ப் பலகையா? கைப்பேசியில் போட்டுவிடும் படமா? கொட்டகைக்குள் எரியும் பளீர் விளக்கா? இல்லை, இல்லை, இல்லை. நிழலில் நின்று பளபளப்பதற்குத் திறமை வேண்டாம். விளக்கில் நின்று மினுமினுப்பதற்கு நேர்மை வேண்டாம். வெயிலில் நின்று வெட்கப்படாமல் இருப்பதற்கு இரண்டும் வேண்டும். காசு வாங்காமல், கட்சி பார்க்காமல், கன்னடமா தமிழா தெலுங்கா என்று கேட்காமல் உள்ளதை உள்ளபடி காட்டுவது வெயில் ஒன்றுதான். அந்த வெயிலுக்கு நாம் பயப்படலாமா? பனியன் வேஸ்ட்டில் துடைத்த பாய் தெரியாமல் செய்தார். ஃபில்லரை அப்புகிற நாம் தெரிந்து செய்யலாமா?

போதும், இனி வாய் வேண்டாம். அண்ணே, மைக்கைக் கழற்றிக் கையில் கொடுங்கள், ஒயர் வரும். எல்லோரும் எழுந்து வாருங்கள். தலைவர் அவர்களே, நீங்களும் வர வேண்டும், நாற்காலி எங்கும் போகாது. எல்லப்பன் சார், உங்களைத்தான் முதலில் கூப்பிடுகிறேன். பிள்ளைகள் காரில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துணியை எடுத்தாயிற்று. கறுப்பு நிறம். நிழலில் பார்த்து யாரும் கைதட்டாதீர்கள், இது இன்னும் சோதனைக்குப் போகவில்லை. தஸ்லிம், ஸ்பிரிட் பாட்டிலையும் புதுத் துணியையும் கொடு. நான் துடைக்கப் போவதில்லை. நான் துடைத்தால் மெதுவாகத் துடைத்தேன் என்பீர்கள். அண்ணன் கங்கப்பன் அவர்களே, தீர்மானத்தை எதிர்த்தவர் நீங்கள். துணி உங்கள் கையில். பானட் முழுக்கத் துடையுங்கள், கதவையும் துடையுங்கள். வெயிலில் வைத்துத் துடைத்தால் ஸ்பிரிட் சட்டென்று காய்ந்து கறை நிற்கும், அதனால்தான் நிழலில். ஏறிக்கொண்டு அழுத்தாதீர்கள் அண்ணா, அது கிரைண்டர் இல்லை. சரி. ஏதாவது ஒளிந்திருந்தால் இப்போது அந்தத் துணியில் வந்திருக்கும். துணியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டுங்கள். பார்த்தீர்களா, எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் இல்லை.

இப்போது தள்ளுங்கள். கியரை எடுத்துவிட்டேன், இஞ்சின் வேண்டாம், சங்கமே தள்ளட்டும். நிழல் முடியும் அந்தக் கோட்டைத் தாண்டி. இன்னும் கொஞ்சம். தாஹிரா அக்கா, நீங்கள் தள்ள வேண்டாம், நீங்கள் பாருங்கள். நிறுத்துங்கள்.

சூரியன் பானட்டின் நடுவில் நிற்கிறது. அதைச் சுற்றி வட்டம் இருக்கிறதா? வலை இருக்கிறதா? குனிந்து பாருங்கள், சாய்ந்து பாருங்கள், கைப்பேசி டார்ச்சை அடித்தும் பாருங்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை. உங்களுக்கு? கங்கப்பன் அண்ணா, சத்தமாகச் சொல்லுங்கள், பின்னால் கேட்கவில்லை. "ஒண்ணும் வரலம்மா" என்கிறார். கேட்டுக்கொள்ளுங்கள், செயலாளர் சொல்கிறார்.

எல்லப்பன் சார் குனிகிறார். வழி விடுங்கள். முன் ஓரத்துக்குப் போகிறார். பார்த்துவிட்டார், அந்த நீளக் கீறலைப் பார்த்துவிட்டார். நகத்தை ஓட்டிப் பார்க்கிறார். "இது எதுக்கு அப்படியே கெடக்குது?" என்று கேட்கிறார். சார், அது வந்து...

இருங்கள். பாய் முன்னால் வருகிறார். பாய் பேசட்டும். மைக்கை அவர் பக்கம் நீட்டுகிறேன்.

"சார், அது ஆழமா உழுந்த கீறலுங்க. அத எடுத்தா மேல இருக்கற படலம் போயிரும், பின்னால வெளுத்துரும். எடுக்கலாம்னு நான்தான் சண்ட போட்டேன். அந்தப் பொண்ணு வேணான்னுச்சு. அது இருக்கட்டும் சார். மீதியெல்லாம் மழ பெஞ்சாலும் இப்படியேதான் இருக்கும். நீங்களே கழுவிப் பாத்துக்கங்க."

கேட்டீர்களா? என் கடையில் எந்தக் கீறலுக்காக வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகப் பார்த்தாரோ, அதே கீறலுக்கு இன்று அவரே ஜாமீன் நிற்கிறார். ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள்.

எல்லப்பன் சார் என்னவோ சொல்கிறார். மைக் வேண்டாம் என்கிறார். சரி, அவர் சொன்னதை நானே சொல்கிறேன். பாயிடம் சொன்னார், "நாளைக்கு சாயங்காலம் ஏர்போர்ட் டிரிப் ஒண்ணு இருக்குது. வண்டிய எடுத்துக்கினு வந்துருங்க. தொடைக்கறதுக்கு அந்தப் பனியன் வேஸ்ட் மட்டும் வேணாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சாட்சிக்கு நீங்கள் அனைவரும் இருக்கிறீர்கள், சார் சிரித்தார்.

தலைவர் அவர்களே, மேடைக்குத் திரும்ப வேண்டாம், தீர்மானத்தை இங்கேயே, இந்த வெயிலிலேயே எடுத்துக்கொள்வோம். துடைத்துக் காட்டிவிட்டுச் சாவி கொடுப்போம் என்பவர்கள் கை தூக்குங்கள். கங்கப்பன் அண்ணா, என்ன யோசனை? கையில் துணி இருக்கிறதா? பரவாயில்லை, துணியோடு தூக்குங்கள். அப்படித்தான்.

ஷௌகத் அலி பாய், கையை நீட்டுங்கள். துடைத்தாயிற்று, காட்டியாயிற்று. இந்தாங்க உங்க சாவி.

வெயிலில் நின்று கேட்ட பெரியோருக்கும், வண்டி தள்ளிய தோழர்களுக்கும், ஒரே வரியில் என்னைக் காப்பாற்றிய தாஹிரா அக்காவுக்கும், மைக் ஒயரை இவ்வளவு தூரம் இழுத்து வந்த அண்ணனுக்கும் நன்றி கூறி, உங்கள் அனுப்ரியா விடைபெறுகிறேன். மேடையில் தண்ணீர் இருக்கிறது, எல்லோரும் நிழலுக்குப் போங்கள். வணக்கம்.